டப்பாவின் பின்புறம் ஒரு ஸ்டிக்கர்: இறக்குமதி உணவு சென்னைக்குள் வரும் வழி

அண்ணா நகரிலோ நுங்கம்பாக்கத்திலோ உள்ள பெரிய பல்பொருள் அங்காடிகளில் வெளிநாட்டுப் பொருள்களுக்கென்று தனி அடுக்கு இருக்கும். இத்தாலிய ஆலிவ் எண்ணெய், பெல்ஜியம் சாக்லேட், கொரிய நூடுல்ஸ், துருக்கி அத்திப்பழம். எதைத் திருப்பிப் பார்த்தாலும், அழகாக அச்சிட்ட உறையின் மேல் சற்றும் பொருந்தாத ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பொடி எழுத்து, கோணலான ஓரம். பலர் அதை விலைச்சீட்டு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த டப்பாவில் முதலில் படிக்க வேண்டியதே அதுதான். அந்தப் பொருள் முறையான வாசல் வழியாக நாட்டுக்குள் வந்ததா என்பதற்குக் கடையில் நிற்கும் நமக்குக் கிடைக்கிற தடயம் அது ஒன்றே.

அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

உணவு தொடர்பாகச் சிதறிக் கிடந்த பல பழைய சட்டங்களை ஒன்றாக்கி 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் வந்தது. அதன்படி 2008இல் அமைந்த ஆணையத்தைத்தான் எஃப்எஸ்எஸ்ஏஐ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். இறக்குமதியாகும் உணவும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்கிறது அதன் 25ஆம் பிரிவு. நடைமுறைகளை விரிவாகச் சொல்வது 2017ஆம் ஆண்டின் இறக்குமதி ஒழுங்குமுறைகள். இதில் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி: ஒரு பொருள் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ விற்பனைக்குத் தகுதி பெற்றிருப்பது இங்கே போதாது. ரொட்டி மாவில் சேர்க்கும் பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016இல் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் கூட்டாட்சி அளவில் அதற்கு அப்படியொரு முழுத் தடை அப்போது இல்லை. ஆகவே அங்கே சட்டப்படி விற்கப்பட்ட ஒரு ரொட்டிக் கலவை, உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால், இங்கே வாசலிலேயே நின்றுவிடும். ‘ஃபாரின் சரக்கு, தரமாகத்தான் இருக்கும்’ என்று நம் வீடுகளில் சொல்லும் வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சென்னைக்கு வாசல்கள் பல. ராஜாஜி சாலையை ஒட்டிய பழைய துறைமுகம், வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதற்கும் மேலே காட்டுப்பள்ளி, வான்வழியில் வருவதற்கு மீனம்பாக்கம். கப்பலிலிருந்து இறங்கிய உணவை அங்கேயே கரையில் வைத்துச் சோதிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான கன்டெய்னர்கள் மாதவரம், மணலி வட்டாரங்களில் உள்ள சரக்கு நிலையங்களுக்குப் போய்விடும். தொழிலில் இருப்பவர்கள் இவற்றை ‘சிஎஃப்எஸ்’ என்பார்கள். கன்டெய்னரின் முத்திரை உடைக்கப்படுவதும், பெட்டிகள் இறக்கி அடுக்கப்படுவதும், அதிகாரி வந்து பார்ப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஆனால் அதற்கு வெகு முன்பே காகிதம் பயணத்தைத் தொடங்கியிருக்கும். உணவை இறக்குமதி செய்பவரிடம் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் இருக்க வேண்டும். அதோடு உணவு ஆணையத்தின் மத்திய உரிமமும் இருக்க வேண்டும். சரக்கு வந்ததும், பல சமயம் வருவதற்கு முன்பே, அவருடைய சுங்க முகவர் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்ற பதிவைக் கணினி வழியாகச் சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்வார். 2016லிருந்து சுங்கத்துறையின் அமைப்பும் உணவு ஆணையத்தின் அமைப்பும் ஒற்றைச் சாளர முறையில் இணைந்திருப்பதால், உணவு என்று தெரிந்தவுடன் அந்தப் பதிவு ஆணையத்துக்கும் போய்விடுகிறது. வரி எவ்வளவு என்பது சுங்கத்துறையின் கேள்வி. தின்னலாமா என்பது ஆணையத்தின் கேள்வி. ஆணையம் ‘தடையில்லை’ என்று சான்று தராதவரை, வரி கட்டியிருந்தாலும் சரக்கு நகராது.

கேள்வி கேட்பவர்கள் இந்த இரண்டு பேர் மட்டும் என்றால் முகவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். கோயம்பேட்டுக்குப் போக வேண்டிய ஆப்பிளாக இருந்தால் தாவரத் தனிமைக் காப்பு அதிகாரிகளும் பார்க்க வேண்டும். அவர்களுடைய நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. அவர்களுடைய கவலை சாப்பிடுகிறவரைப் பற்றியதன்று. ஆப்பிளோடு வரும் பூச்சியோ பூஞ்சையோ நம் தோட்டங்களில் இறங்கிவிடக் கூடாது என்பது அவர்களுடைய பொறுப்பு. பாலாடைக்கட்டி, இறைச்சி போன்றவற்றுக்குக் கால்நடை நோய்கள் பற்றிய கவலை சேர்ந்துகொள்ளும். அதற்கான தனிமைக் காப்பு நிலையம் பள்ளிக்கரணையில் உள்ளது. ஒரே பழத்தை மூன்று துறைகள் மூன்று கோணங்களில் பார்க்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

சில பொருள்களுக்குக் காகிதத்திலேயே கூடுதல் நிபந்தனைகள் உண்டு. பால் பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டைத் தூள், குழந்தை உணவு, ஊட்டச்சத்துப் பொருள்கள் ஆகிய ஐந்து வகைகளைத் தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் 2023 பிப்ரவரி 1 முதல் நம் ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். சோளம், சோயா, ஆப்பிள் உள்ளிட்ட 24 பயிர்களின் சரக்குக்கு, மரபணு மாற்றம் செய்யாதது என்ற சான்று 2021 மார்ச் 1 முதல் தேவைப்படுகிறது. தவிர்க்க முடியாமல் கலந்துவிடுவதற்கு ஒரு சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிறார்கள்.

காகிதம் சரியாக இருந்தால், எல்லாச் சரக்கையும் பிரிப்பார்களா? மாட்டார்கள். பொருளின் தன்மை, வரும் நாடு, இறக்குமதியாளரின் முன்வரலாறு ஆகியவற்றை வைத்து எதைத் திறப்பது என்று அபாய மதிப்பீட்டு முறை தேர்ந்தெடுக்கிறது. முந்தைய சரக்கில் சிக்கியவரின் அடுத்த சரக்கு தப்புவது கடினம். இதில் அநீதி இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றைக்கூட விடாமல் திறந்து சோதித்தால் சிஎஃப்எஸ் வாசலில் லாரிகள் நிற்பதற்கு மணலிச் சாலை போதாது.

கண்ணால் பார்க்கும் கட்டம்

தேர்ந்தெடுக்கப்பட்ட சரக்கை அதிகாரி நேரில் பார்க்கும்போது முகவரோ இறக்குமதியாளரின் ஆளோ உடன் இருப்பார். டப்பா உப்பியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா, அட்டைப் பெட்டி நனைந்து காய்ந்த கறை தெரிகிறதா, பருப்பில் வண்டு ஓடுகிறதா, உறைநிலையில் வர வேண்டிய மீன் உருகி மறுபடி உறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம். பழகிய கண்ணும் மூக்கும் போதும்.

பிறகு தேதி. இறக்குமதியின்போது பொருளின் ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ அது மீதமிருக்க வேண்டும் என்பது விதி. கேட்கும்போது குழப்பமாக இருக்கும். கணக்குப் போட்டால் எளிது. ஓராண்டு ஆயுள் உள்ள பிஸ்கட்டுக்கு 60 சதவீதம் என்பது ஏழு மாதத்துக்கு மேல்; மூன்று மாதம் அதைவிடக் குறைவு. எனவே மூன்று மாதம் மீதமிருந்தாலே போதும். அறுபது நாள் ஆயுள் உள்ள பாலாடைக்கட்டிக்கு 60 சதவீதம் என்பது 36 நாள். அது மூன்று மாதத்தைவிடக் குறைவு என்பதால் 36 நாள் மீதமிருக்க வேண்டும். ஐந்து மாத ஆயுள்தான் எல்லைக்கோடு: அதற்கு மேல் மூன்று மாத விதி, கீழே சதவீத விதி. ஓராண்டு ஆயுள் உள்ள வெளிநாட்டுச் சாக்லேட் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று அடுக்கில் வந்து நிற்பதன் காரணம் சில சமயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒன்பது மாதத்தை வேறெங்கோ கழித்துவிட்டு வந்த பொருளும் சட்டப்படியே உள்ளே வரலாம்.

தேதியைப் படிப்பதே ஒரு வேலை. அமெரிக்க உறையில் மாதம் முதலில் வரும், நாள் பிறகு வரும். ஜப்பான், கொரியா உறைகளில் ஆண்டு முதலில். தாய்லாந்தின் உள்நாட்டுப் பொருள்களில் 2568 என்று பார்த்தால் திகைக்க வேண்டாம். அது பௌத்த ஆண்டு, 543ஐக் கழித்தால் 2025. நம் விதிப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை வேண்டும். தயாரித்த நாளும் காலாவதி நாளும் இரண்டுமே வேண்டும்.

லேபிளில் எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் இது. அதிகாரி குறை கண்டுபிடித்தால் சில குறைகளை ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்துகொள்ள விடுவார். சில குறைகளுக்கு மன்னிப்பே இல்லை. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட அதன் பின்னால் இருக்கும் நியாயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: ஒரு தகவல் யாருக்குத் தெரியுமோ, அவர்தான் அதை எழுத முடியும்.

இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உணவு ஆணையத்தின் முத்திரையும் உரிம எண்ணும், சைவ–அசைவக் குறி ஆகியவற்றை இங்கே ஒட்டலாம். தனக்கென உருவாக்கிய கலவையாக ஒரு நிறுவனம் விற்கும் பொருளுக்கு, அது எந்த வகை, என்ன தன்மை என்ற விவரத்தையும் சேர்க்கலாம். இவை இந்தியாவுக்கு மட்டும் தேவைப்படும் தகவல்கள். மிலானில் இருக்கும் ஆலைக்குச் சென்னையில் யார் தன் பொருளை இறக்குவார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண், உட்பொருள்கள் ஆகியவை ஆலைக்கு மட்டுமே தெரியும். மணலியில் ஒரு கிடங்கில் உட்கார்ந்து ஒருவர் காலாவதித் தேதியை எழுதி ஒட்ட முடிந்தால், அந்தத் தேதிக்கு என்ன மதிப்பு? அதனால்தான் அந்தக் குறைகள் திருத்த முடியாதவை. அந்தச் சரக்கு திரும்பிப் போக வேண்டும், அல்லது அழிக்கப்பட வேண்டும்.

ஒட்டுவதற்கும் ஒழுங்கு உண்டு. சுங்கத்தின் பிடியில் உள்ள கிடங்கிலேயே, சரக்கு வெளியேறுவதற்கு முன்பே ஒட்ட வேண்டும். உரித்தால் வரக்கூடாது. மூல லேபிளில் உள்ள எதையும் மறைக்கக் கூடாது. உட்பொருள் பட்டியலின் மேலேயோ தேதியின் மேலேயோ ஸ்டிக்கர் படிந்திருக்கும் டப்பாவைக் கண்டால், நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு என்பது என் கருத்து; கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

சைவ–அசைவக் குறி பார்க்க எளியது, முடிவு செய்வது அப்படியன்று. பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள் அதைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு வடிவம் உதவும். பெரும்பாலான நாடுகளில் இப்படியொரு கட்டாயக் குறி இல்லாததால், இந்தக் குறியை இறக்குமதியாளர்தான் தீர்மானித்து ஒட்டுகிறார். ஜெலட்டின் என்று எழுதியிருந்தால் விலங்கிலிருந்து வந்தது என்று புரிந்துவிடும். உட்பொருள் பட்டியலில் சேர்பொருள்களைக் குறியீட்டு எண்ணாலும் குறிப்பார்கள்; 120 என்ற எண் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 471 என்ற எண்தான் வம்பு: அந்தக் கொழுப்புப் பொருளைத் தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். உறையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆலையிடமிருந்து எழுத்துமூலமாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்காமல் பச்சை வட்டத்தை ஒட்டுகிறவர் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையோடு விளையாடுகிறார். நம் சட்டம் பாலையும் தேனையும் அசைவத்தில் சேர்ப்பதில்லை, முட்டையைச் சேர்க்கிறது.

ஒவ்வாமை அறிவிப்பும் இங்கே கட்டாயம். கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், இறால்–நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்ஃபைட் இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இந்த ஒரு வரி, ஆய்வக அறிக்கை எல்லாவற்றையும்விட முக்கியமானது. லேபிள் சோதனையை வெறும் எழுத்து வேலை என்று அலுத்துக்கொள்ளும் முகவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

மொழி பற்றி ஒரு விநோதம். லேபிள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி இந்தியில் இருக்க வேண்டும். பிற மொழிகள் கூடுதலாக இருக்கலாம். கொழும்பிலிருந்து வரும் பிஸ்கட் உறையில் நல்ல தமிழில் எல்லாம் எழுதியிருந்தாலும், சென்னைத் துறைமுகத்தில் அந்தத் தமிழ் மட்டும் இருந்தால் செல்லாது. விலைச்சீட்டு இன்னொரு சட்டத்தின் வேலை: அதிகபட்ச விற்பனை விலையைக் கேட்பது எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள்.

ஒரு சோறும் ஒரு பானையும்

கடைசியாக ஆய்வகம். அதிகாரி மாதிரியை இரு பகுதிகளாக எடுப்பார். ஒன்று ஆய்வகத்துக்குப் போகும், மற்றொன்று பத்திரமாக இருக்கும். மாதிரி கிடைத்த ஐந்து நாளுக்குள் அறிக்கை வர வேண்டும். தேறாவிட்டால், இறக்குமதியாளர் இரண்டாவது மாதிரியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரலாம். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அத்தகைய ஒன்று. ஏழு நாளுக்குள் கெட்டுவிடும் பொருளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது என்பதால் தற்காலிகச் சான்று தரும் வழி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி, பிஸ்தாவுக்குச் சரிவராது. ஈரமான பருப்பில் வளரும் பூஞ்சை, அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்குகிறது. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் நச்சு. அது மூட்டை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்க, எங்கோ ஒன்றிரண்டில் மட்டும் குவிந்திருக்கும். மூட்டையின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அள்ளினால் அது சிக்காது. பல மூட்டைகளின் பல ஆழங்களிலிருந்து எடுத்து, ஒன்றாக அரைத்து, அதிலிருந்து சோதித்தால்தான் ஓரளவு உண்மை தெரியும். பயறு வகைகளில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் வரம்பு. இவ்வளவு சிறிய அளவைப் பிடிக்க, கருவியைவிட மாதிரி எடுப்பவரின் கையே முக்கியம்.

ஆய்வகத்துக்கு இன்னொரு வரம்பும் உண்டு: கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். 2008இல் சீனாவில் நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. பாலில் தண்ணீர் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்கள். அன்றைய வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிட்டது. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் பால் நன்றாகத் தேறியது. ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியா சீனப் பால் பொருள்களுக்குத் தடை விதித்தது. பால் சேர்ந்த சாக்லேட்டும் அதில் அடக்கம். சில மாதங்களுக்கென்று வந்த தடை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, துறைமுக ஆய்வகங்களுக்கு மெலமைனைக் கண்டறியும் திறன் வரும்வரை தொடரும் என்று 2019இல் அறிவிக்கப்பட்டது.

இதையெல்லாம் தாண்டினால் தடையின்மைச் சான்று. தேறாவிட்டால் இணக்கமின்மை அறிக்கை. நிராகரித்த சரக்குகளின் விவரத்தை ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள், சுவாரசியமான வாசிப்பு.

உங்கள் உறவினர் துபாயிலிருந்து பயணப் பெட்டியில் கொண்டுவரும் பேரீச்சம்பழத்துக்கு இந்த நடைமுறை கிடையாது. பயணச் சுமை வரம்புக்குள் சொந்தப் பயன்பாட்டுக்கு வருவதற்கு விலக்கு உண்டு. அதையே ஒரு கடையில் வைத்து விற்றால் கதை வேறு. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக உருவான பர்மா பஜாரும் சுங்க மாளிகையும் ஒரே ராஜாஜி சாலையில் இருக்கின்றன. ஒரு தலைமுறைச் சென்னைவாசிகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் என்றால் முந்தையதுதான் நினைவுக்கு வரும், பிந்தையது வராது. இன்று எந்தக் கடையில் வாங்கினாலும், இறக்குமதியாளர் பெயரும் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாத டப்பாவை நான் திருப்பி வைத்துவிடுவேன். அது கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. ஏதாவது ஆனால் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எண் இருந்தால், அது உண்மையான உரிமமா என்று ஆணையத்தின் ‘ஃபாஸ்காஸ்’ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

துறைமுகச் சான்று அந்த நாளைய அந்தச் சரக்குக்கு மட்டும் உரியது. பிறகு கிடங்கில் மின்சாரம் போய் ஐஸ்கிரீம் உருகினாலோ, தேதி முடிந்த டப்பாவில் புதுத் தேதி ஏறினாலோ, அது மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. அதன் அலுவலர் கடையில் எடுக்கும் மாதிரி, கிண்டி கிங் நிலைய வளாகத்தில் உள்ள உணவுப் பகுப்பாய்வுக் கூடம் போன்ற அரசு ஆய்வகத்துக்குப் போகும். தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. காலாவதிச் சரக்கு புதிய உறையில் திரும்பி வருவதைத் தடுக்க, காலாவதியானதும் நிராகரிக்கப்பட்டதுமான பொருள்களின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் உத்தரவிட்டது. புகார் கொடுப்பதாக இருந்தால் டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீதையும், தொகுதி எண் தெரியும்படி மூல லேபிளையும், ஸ்டிக்கரையும் தனித்தனியாகப் படமெடுத்து வையுங்கள். அலுவலர் முதலில் கேட்பது அந்த மூன்றையும்தான்.